மூன்றாம் கவுண்டர்

"சிஸ்டம் இறுகி நிண்டுட்டு. கொஞ்சம் பொறுங்க" என்று கவுண்டருக்குள் இருந்த லாபிர் மூன்றாவது தடவையாகச் சொன்னபோது, சுவரோரம் நின்ற கிருஷாந்திக்குப் பொறுமை போய்விட்டது.

கண்டி நகரில் அந்த அலுவலகத்தில் முதியோர் அட்டைக்கான வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. விண்ணப்பிக்க வந்தவருக்கு மட்டும்தான் கவுண்டரில் கதிரை. அதில் அவளுடைய அப்பா வீரசிங்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

பக்கவாதம் வந்த பிறகு அவர் வெளியே இறங்குவதில்லை. போன மாதம் வேறோர் இடத்தில் யாரோ பின்னால் நின்று அவசரப்படுத்த, பேனையை வைத்துவிட்டு எழுந்து வந்தவர். ஒரு வாரம் கெஞ்சித்தான் இன்றைக்குக் குண்டசாலையிலிருந்து கூட்டி வந்திருந்தாள்.

பக்கத்துக் கவுண்டரில் டிலானி அதற்குள் ஐந்து பேரை அனுப்பிவிட்டாள். அங்கே இருந்தது வேறு சிஸ்டம். கிருஷாந்திக்குப் பார்த்ததுமே தெரிந்தது. கம்ப்யூட்டர் திருத்துவதுதான் அவளுக்குத் தொழில். லாபிரிடம் இருந்தது போன்ற பழைய சிஸ்டத்தை மாற்றச் சொல்லி எத்தனையோ பேருக்குப் புத்தி சொல்லியிருக்கிறாள்.

வரிசையில் முணுமுணுப்பு கூடியது. மேலதிகாரியிடம் முறையிடப்போவதாக ஒருவர் சொன்னார். லாபிர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

இன்னும் கொஞ்சம் போனால் அப்பா எழுந்துவிடுவார் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. தடுப்புக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"நான் கம்ப்யூட்டர் திருத்துற ஆள்தான். தள்ளுங்க, என்னன்னு பாக்கிறேன்."

"வேணாம் மிஸ்" என்றார் லாபிர், மெதுவாக.

அதற்குள் அவள் திரையைப் பார்த்துவிட்டாள்.

பெயர், முகவரி, படம் எல்லாம் ஏறியிருந்தது. எதுவும் இறுகியிருக்கவில்லை. கையொப்பத்துக்கான கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அப்பா கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த சின்னப் பலகையில் கையெழுத்தின் முதல் எழுத்தை இழுத்துக்கொண்டிருந்தார். கோடு கோணிக்கொண்டு போனது. அவர் முகம் சுருங்குவதற்குள் லாபிர் அதை அழித்தார்.

"இது என்ட சிஸ்டத்துட பிழை ஐயா. எழுத்தப் பிடிக்குதில்ல. இன்னொருக்காப் போடுங்க, அவசரமில்ல."

"பாவம் தம்பி நீங்க. இத வச்சுக்கிட்டு எப்படித்தான் வேலை செய்றீங்களோ" என்றார் அப்பா. கதிரையில் வசதியாகச் சாய்ந்து, கையை உதறிவிட்டு, பேனையை மறுபடி எடுத்தார்.

கிருஷாந்தி லாபிரைப் பார்த்தாள். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"என்ன மிஸ், சரிவருமா?" என்று வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள்.

அவள் வரிசைப் பக்கம் திரும்பினாள்.

"இந்த சிஸ்டமே இப்படித்தான். இன்னும் பத்து நிமிஷமாவது எடுக்கும்" என்றாள்.