ஒரு கைக்கு மட்டும் பாடம்

"ஏம்மா, இடது கையை மடியில தூங்கப் போட்டுட்டு உக்காந்தா கிட்டாரு எப்படி வரும்?"

ஈஸ்வர் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன கேள்வி இது. மனுஷன் ஒரு மாசமாகக் கேட்கிறார்.

பகலெல்லாம் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் மூட்டை எடை பார்க்கிற சோலி. சாயங்காலம் ஆறு மணிக்கு அதே கடை மாடியில் கிட்டார் வகுப்பு எடுப்பார். அதற்குள் இடுப்பு ஒடிந்துபோயிருக்கும். படிக்க வருவது ஆறு பிள்ளைகள். ஏழாவது ஆள் இந்த அனுசியா. முப்பத்தைந்து வயசிருக்கும். மலையில் ஏலக்காய் எடுத்துவிட்டு, ஜீப்பை விட்டு இறங்கின கையோடு மாடி ஏறி வருவாள். தலையில் கட்டின துண்டைக்கூட அவிழ்த்திருக்க மாட்டாள்.

இவ்வளவு பாடுபட்டு வருகிறவள் ஒழுங்காகப் படிக்கிறாளா என்றால், அதுதான் இல்லை.

கிட்டாரில் இடது கை விரல்கள் கம்பியை அழுத்திப் பிடிக்க வேண்டும். கார்டு என்பார்கள். வலது கை தாளத்துக்குக் கம்பியை அடிக்க வேண்டும். ரெண்டும் சேர்ந்தால்தான் பாட்டு. பிள்ளைகள் விரல் கன்றி, கண் கலங்கி, எப்படியோ ரெண்டு கார்டு பிடித்துவிட்டார்கள். அனுசியாவோ இடது கையைத் தூக்கினதே இல்லை. வலது கையால் வெறுங்கம்பியை அடித்துக்கொண்டே இருப்பாள். கீழே, கீழே, மேலே, மேலே, கீழே, மேலே. தகர டப்பாவை உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம்.

"மாஸ்டர், ஒரு சந்தேகம்."

"கேளு."

"இடது கை கார்டு மாறுறப்ப, வலது கை நிக்கணுமா, ஓடணுமா?"

"நிக்கவே கூடாது. அந்தக் கை தடுமாறினாலும் இந்தக் கை ஓடிக்கிட்டேதான் இருக்கணும். அது கெடக்கட்டும், கார்டே பிடிக்காத உனக்கு அது மாறினா என்ன, மாறாட்டி என்ன?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

"வெரசா வந்துருமா மாஸ்டர்? ஞாயித்துக்கிழமை எம் மகளுக்குக் காதுகுத்து. அதுக்குள்ள இந்தத் தாளம் கைக்கு வந்தாகணும்."

ஓகோ, விஷயம் இதுதானா! ஈஸ்வருக்கு இப்போதுதான் விளங்கியது. சொந்தபந்தம் கூடுகிற இடத்தில் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, கிட்டாரை மடியில் வைத்து ஒரு வீடியோ. நாலு பேர் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும். அந்தப் பவுசுக்கு நம்ம வகுப்புதானா கிடைத்தது?

"வீட்ல கிட்டாரு இருக்கா?"

"இருக்கு மாஸ்டர். எங்க வீட்டுக்காரரோடது. நல்லா வாசிப்பாரு. எஸ்டேட்டுல ஆயுதபூசைன்னா அவரு கிட்டாரு இல்லாம நடக்காது."

"அட! அப்ப அவருகிட்டயே படிக்க வேண்டியதுதானே?"

அனுசியா தலையைக் குனிந்துகொண்டாள். "அவருக்குத் தெரியாமத்தான் மாஸ்டர் வர்றேன்."

ஈஸ்வர் மாடிப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார். புருஷனுக்குத் தெரியாமலா? நாளைக்கு அந்த ஆள் மாடியேறி வந்து சட்டையைப் பிடித்தால் ஊர் என்ன பேசும்? ஏற்கெனவே, 'அந்தம்மா போடுற சத்தத்துல எம் பிள்ளைக்குப் பாடம் ஏறல' என்று ரெண்டு பேர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த வம்பெல்லாம் தாங்குகிற தெம்பு அவருக்கு இல்லை.

"இந்தா பாரும்மா. இடது கையை எடுத்துக் கார்டைப் பிடி. முடியாதுன்னா நாளைலருந்து வராத."

"மூணு நாள் மாஸ்டர். மூணே நாள். கீழருந்து மேல மாறுற எடத்துல மட்டுந்தான் கை தடுமாறுது."

"கிட்டாருன்னா ரெண்டு கையும் சேந்ததும்மா. ஒத்தைக் கைக்கு மட்டும் பாடம் எடுக்க என்னால ஆகாது."

அவள் மல்லுக்கு நிற்கவில்லை. விடியக்காலம் மலையேறி, நாளெல்லாம் குனிந்து காய் எடுத்த உடம்பில் அதற்கு ஏது தெம்பு? கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"வர்றேன் மாஸ்டர்."

படியில் நின்று செருப்பு மாட்டுகையில் அவள் கண்ணைத் துடைத்தது ஈஸ்வருக்குத் தெரிந்தது. அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. எழுந்து வெளியே போனார்.

"கோவிச்சுக்காதம்மா. நானும் காலைலருந்து நின்ன நிலையில நின்னுட்டு வந்தவன். அலுப்புல வாய் கடுத்துப்போச்சு. ஆமா, அந்த இடது கைக்கு அப்படி என்னதான் ஆச்சு?"

"எங் கைக்கு ஒண்ணும் ஆகல மாஸ்டர்." அவள் உள்ளே இருந்த பிள்ளைகளை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பிள்ளைக முன்னாடி சொன்னா அய்யோ பாவம்னு சொல்லுவாக. ஆறு மாசமா அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துப்போச்சு."

"என்னம்மா சொல்ற?"

"போன ஆடியில மலைமேல மெட்டு ரோட்டுல ஜீப்பு கவுந்து, எங்க வீட்டுக்காரருக்கு வலது கையை முழங்கைக்கு மேல எடுத்துட்டாக. அதுலருந்து கிட்டாரைத் தொடவே மாட்டேங்குறாரு. ஒத்தைக் கையை வச்சு என்னத்தடீ வாசிக்கிறதுன்னு கேக்குறாரு. ஆனா அசந்து தூங்குறப்பப் பாத்தா, போர்வை மேல அந்த இடது கை கார்டு மாத்தி மாத்திப் பிடிச்சுக்கிட்டு இருக்கு."

ஈஸ்வர் திரும்பி, அவள் சுவரில் சாய்த்து வைத்த கிட்டாரைப் பார்த்தார்.

"இடது கை அவருக்கு இருக்கு மாஸ்டர்," என்றாள் அனுசியா. "இல்லாத கையத்தான் நான் கத்துக்க வந்தேன்."