பொன்னாலைப் பாலத்தில் இரண்டு சைக்கிள்கள்

பெற்றோல் எங்கும் கிடைக்காத ஜூலை மாதத்துக் காலை. கடலில் குளிக்கக் கூட்டிப்போவதாக இஸ்ஸத் தன் மகள் நுஹாவுக்கு வாக்குக் கொடுத்திருந்த நாள் இது. வாடகைக்கு வான் வண்டி பிடிக்க வசதியில்லை; சைக்கிளில்தான் போகிறார்கள். காரைநகருக்குப் போகும் பொன்னாலைப் பாலத்தில் எதிர்க்காற்று முகத்தில் அறைகிறது. இருபுறமும் ஆழமற்ற கடல் வெயிலில் மினுங்குகிறது. முன்னால் இஸ்ஸத்தின் சைக்கிள். பின்னால் அவன் மனைவி பஸீனா, மூன்று கிழமைக்கு முன்புதான் சைக்கிள் ஓடப் பழகியவள், நுஹாவைக் கரியரில் ஏற்றிக்கொண்டு மிதிக்கிறாள். "இறங்கி உருட்டுவமா?" என்று இஸ்ஸத் திரும்பிக் கேட்கிறான். "நான் இறங்க மாட்டன். நீங்க வழியை விடுங்கோ," என்கிறாள் பஸீனா. முக்காடு படபடக்க, எழும்பி நின்று மிதிக்கிறாள். பாலம் முடியுமிடத்தில் அவளுடைய சைக்கிள் முன்னால் போகிறது. "உம்மா, வாப்பாவை முந்தீட்டம்!" என்று நுஹா கத்துகிறாள். பஸீனா முதன்முறையாக ஹாண்டிலிலிருந்து ஒரு கையை எடுத்து, திரும்பிப் பார்க்காமலே அவனுக்கு அசைக்கிறாள்.