ஐம்பதும் ஐம்பதும்

இந்தக் கதை எங்கேயோ இடிக்கிறது என்று மைத்துனருக்குப் பல வருஷமாகவே சந்தேகம். நம்பவும் முடியவில்லை, தள்ளவும் மனசு வரவில்லை.

சொன்னவர் அவருடைய அக்கா புருஷன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கம்ப்யூட்டர் கோளாறுகளைச் சரிசெய்கிறவர். சாஃப்ட்வேருக்குள் எறும்பு ஊர்ந்தாலும் பிடித்துவிடுவார் என்று ஆபீசில் பேர்.

அப்படிப்பட்டவரின் மானம் ஒரு கிளை அலுவலகத்தில் கப்பலேறியது.

அப்பாவை இழந்த இரட்டைப் பெண்கள். பாலிசியில் ஆளுக்கு ஐம்பது சதவீதப் பங்கு. பதிந்தால், ‘பங்குகளின் கூட்டுத்தொகை நூறு இல்லை’ என்று திரையில் சிவப்பாக வந்தது. பதிவும் பூட்டிக்கொண்டது. தலைமை அலுவலகத்து ஆள் வந்துதான் திறக்க வேண்டும்.

வந்தார்.

“ஐம்பதும் ஐம்பதும் நூறுன்னு ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும். உங்க சாஃப்ட்வேருக்குத் தெரியாதா?” என்றார் மேனேஜர்.

“அதைத்தான் சார் பார்க்கறேன்.”

பெண்களின் சித்தப்பா மேஜையைத் தட்டினார். பெண்களுக்குப் பதினெட்டு வயது ஆகாததால் பணம் காப்பாளரான அவர் கைக்குத்தான் போகும்.

“சீக்கிரம் பாருய்யா. லாரிக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன்.”

“லாரியா? பொண்ணுங்க படிப்புக்கு இல்லையா?”

“பொண்ணுங்களுக்கு எதுக்கு அவ்வளவு படிப்பு? நீ உன் வேலையைப் பாரு.”

காலேஜ் விண்ணப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவரும் தன் வேலையைப் பார்த்தார். மூன்று நாள் பார்த்தார். ஆறு நாள் பார்த்தார்.

“எறும்பு பிடிக்க வந்தவர் நாற்காலியிலேயே வேர் விட்டுட்டாரே!” என்று டைப்பிஸ்ட் அம்மா சிரித்தார்.

சித்தப்பா தினமும் வந்து கத்திவிட்டுப் போனார். எட்டாம் நாள் மேனேஜருக்கும் பொறுமை போய்விட்டது.

“தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடுங்க சார். வேற ஆளைக் கூப்பிட்டுக்கறோம்.”

“இன்னும் கொஞ்சம்தான் சார். நெருங்கிட்டேன்.”

பத்தாம் நாள் காலை, வந்ததும் வராததுமாக, “கிடைச்சிருச்சு!” என்று கூவினார்.

இரண்டாவது ஐம்பதில் சுழிக்குப் பதிலாக யாரோ ஆங்கில ‘ஓ’வை அடித்திருந்தார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒரே வட்டம். மாற்றினார். சிவப்பு போய்ப் பச்சை வந்தது.

அன்று மதியமே ஆளுக்கொரு செக் தயார். சித்தப்பா கையை நீட்டினார். மேனேஜர் செக்குகளைப் பார்த்தார். பிறகு பெண்களைப் பார்த்தார்.

“ரெண்டும் இவங்க பேர்லயே வந்திருக்கே?”

“நேத்தோட எங்களுக்குப் பதினெட்டு முடிஞ்சுது சார்,” என்றாள் ஒருத்தி.

“அதனாலென்ன? காப்பாளர் நான் இருக்கேன்!”

“இருந்தீங்க,” என்றார் மேனேஜர்.

இருவரும் எழுந்து வந்து, கையெழுத்துப் போட்டு, செக்குகளை வாங்கிக்கொண்டார்கள். சித்தப்பா போட்ட கூச்சல் தெருமுனைவரை கேட்டது. பெண்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை. நேரே காலேஜுக்குப் போனார்கள்.

“ஒரு சின்ன ‘ஓ’ என்னை எப்படி ஆட்டி வெச்சிருச்சு, பார்த்தியா? என்னமோ, அந்தப் பிள்ளைங்க அதிர்ஷ்டம்!” என்றுதான் ஒவ்வொரு தடவையும் கதையை முடிப்பார்.

இந்தத் தடவை மைத்துனர் விடவில்லை.

“அத்தான், உண்மையைச் சொல்லுங்க. அந்த ஒன்பது நாளும் நீங்க தேடுனீங்களா, காத்துக்கிட்டிருந்தீங்களா?”