அந்தக் குரலை நிறுத்துங்க!

இதைச் சரியாகச் சொல்ல வருமா என்று பயமாகத்தான் இருக்கிறது. ஒரு வார்த்தை முன்னே பின்னே ஆனாலும் நல்லவர் யார், கெட்டவர் யார் என்பதே மாறிப்போகும்.

டிவி நிலையத்தில் நேயர்களின் போனை எடுப்பது என் வேலை. யார் என்ன சொன்னாலும் அப்படியே தாளில் எழுத வேண்டும். எதிர்த்துப் பேசக் கூடாது.

இருபது வருடம் முன்னால் நின்றுபோன டைனோசர் தொடரை மறுபடி ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலையானால் என் காது என்னுடையதாக இல்லை.

"இறகை ஒட்டிக் கோழியாக்கிட்டீங்களே, இதுவா டைனோசர்?"

"ஆராய்ச்சியில அப்படித்தான் சொல்றாங்களாம் சார்."

"நீ போய்ப் பார்த்தியா?"

அடுத்த போன்.

"அந்தக் குட்டியை ஏன் சாக விட்டீங்க? எம் பொண்ணு சாப்பிடாம அழுறா!"

"நான் சாக விடலைங்க..."

இப்படி எல்லாவற்றுக்கும் சண்டை. ஒரு விஷயத்தில் மட்டும் அத்தனை பேரும் ஒரே கட்சி. பழைய தொடரில் பின்னால் இருந்து கதை சொன்ன அதே பெரியவர்தான் இதிலும் பேசுகிறார். அவர் குரலுக்காகவே பார்க்கிறோம் என்பார்கள்.

ஒரே ஒரு அம்மாவைத் தவிர.

"அந்தக் குரலை நிறுத்துங்க! ஓட்டைத் தகரத்தைத் தரையில இழுத்த மாதிரி இருக்கு. அந்த ஆளை வீட்டுக்கு அனுப்புங்க!"

"வயசானவரை இப்படிச் சொல்லலாமாங்க?"

"உன் வேலை எழுதறது. எழுது. எழுதினதை வாசிச்சுக் காட்டு."

எனக்கு வேகமாக எழுத வராது.

"இன்னுமா எழுதறே? பள்ளிக்கூடம் போனியா இல்லையா?"

ஆறாவதோடு நின்றவளிடம் கேட்கிற கேள்வியா இது? அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். மூன்றாவது வாரமும் அதே திட்டு வந்தபோது பொறுக்க முடியவில்லை.

"பிடிக்கலைன்னா டிவியை அணைச்சுட்டு உங்க வேலையைப் பாருங்க! ஒரு நல்ல மனுஷனை நிம்மதியா இருக்க விடுங்க!"

போனை வைத்த பிறகுதான் பேச்செல்லாம் பதிவாகிறது என்பது ஞாபகம் வந்தது.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"இன்னொரு தடவை நேயர்கிட்ட இப்படிப் பேசினா வேலை இருக்காது."

"மன்னிச்சுக்கங்க சார்."

"அப்புறம், நான் சொன்னபடிதானே செய்யறீங்க? பாராட்டு மட்டும்தான் பெரியவர் கைக்குப் போகணும். திட்டு எல்லாம் என் மேஜைக்கு. மனசொடிஞ்சு அவர் விலகிட்டா தொடர் படுத்துடும்."

எவ்வளவு தங்கமான மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை ஒலிப்பதிவு. பாராட்டுத் தாள்களை எடுத்துக்கொண்டு பெரியவரைப் பார்க்கப் போனேன். ஒலிப்பதிவு அறைக்கு வெளியே ஒரு அம்மா பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, வெந்நீர் உள்ளே கொடுக்கணும். கதவைத் திறக்கச் சொல்றியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே குரல்.

"ஞாயித்துக்கிழமை போன் பண்றது நீங்கதானே? உள்ளே இருக்கறவர் உங்களுக்கு யாரு?"

"வீட்டுக்காரர்."

"கட்டின புருஷனையே தகரம்னு திட்டுவீங்களா? என்னையும் அழ வச்சீங்களே, நீங்கல்லாம் ஒரு பொம்பளையா?"

அந்த அம்மா கோபப்படவில்லை. கண்ணாடி வழியாக உள்ளே காட்டினார். பெரியவர் ஒரு வாக்கியம் பேசுவதற்குள் இரண்டு தடவை நிறுத்தி, கைக்குட்டையால் வாயைப் பொத்தி இருமினார்.

"தொண்டையில கட்டி. உடனே அறுத்து எடுக்கணும், இனி ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இவர் கேட்டாத்தானே? 'நேயருக்கு என் குரல் பிடிச்சிருக்கு, தொடர் முடியட்டும்'கறார். அவங்களே வேண்டாம்னாத்தான் நிறுத்துவார்."

"மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?"

"முதல் வாரமே சொன்னேன். 'இன்னும் ஆறே வாரம், சமாளிச்சுடுவார்'னுட்டார். கடிதம் போட்டா என் கையெழுத்து இவருக்குத் தெரிஞ்சுடும். போனை விட்டா எனக்கு வேற வழி?"

அந்த அம்மா என் கையைப் பிடித்தார்.

"மூணு வாரமா வாய்க்கு வந்தபடி திட்டறேன். ஒண்ணுகூட அவர் காதுல விழுந்த மாதிரி தெரியலையே. நீ எழுதறியா, இல்லையாம்மா?"

என் இன்னொரு கையில் பாராட்டுத் தாள்கள் மட்டும்தான் இருந்தன.

உள்ளே போகாமல் திரும்பி வந்தேன். மேனேஜர் அறையில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். கதவை உடைக்கலாம் போல இருந்தது. ஆனால் இந்த வேலை போனால் இந்த வயதில் என்னை யார் எடுப்பார்கள்?

பெரியவர் பெயருக்கே வருகிற கடிதங்களை நிலையத்தில் யாரும் பிரிப்பதில்லை. அப்படியே அவர் கைக்குப் போய்விடும்.

வீட்டுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து கடிதம் எழுதினேன். ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள் எழுதியது மாதிரி. 'உங்கள் குரல் போய்விட்டது ஐயா, தயவுசெய்து விலகிக்கொள்ளுங்கள்' என்று எழுதும்போது அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

என் எழுத்து மேனேஜருக்கும் பெரியவருக்கும் நன்றாகத் தெரியும். அதனால் ஐந்தையும் இடது கையால் எழுதி, பஸ் ஏறிப் போய் ஊரின் மறுகோடியில் இருக்கும் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.