மூணு பேர்

"புடவையை ரெண்டு பேர் பிடிச்சு இழுத்தா நேரா மடியும். மூணு பேர் இழுத்தா என்னடி ஆகும்?" என்று டாக்டர் பிலோமினா ஒருமுறை கேட்டார். பரிசோதனைக்கூடத்தில் கண்ணாடித் தகடு கழுவும் தமயந்தி, தரையைப் பார்த்தபடி, "கிழிஞ்சிடும் டாக்டரம்மா" என்றாள். "உடம்புல இருக்கிற செல்லும் அப்படித்தான். ரெண்டா பிரியறப்போ ரெண்டு முனையிலேருந்துதான் இழுக்கணும். முனையில இருக்கிற புரதத்துல பாஸ்பேட்னு ஒரு ரசாயனம் வந்து ஒட்டறதுதான் பிரியறதுக்கு உத்தரவு. கண்டபடி ஒட்டினா முனை மூணு, நாலுன்னு பெருகிடும். புத்துநோய்ல இதைப் பாக்கலாம்." அதன் பிறகு மூன்று முனையுள்ள செல் அகப்பட்டால், "ஏ தமயந்தி, மூணு பேரு! ஓடி வா" என்று கூப்பிடுவது டாக்டரின் வழக்கமாயிற்று. அவளும் ஈரக்கையோடு ஓடுவாள். இன்று நுண்ணோக்கியின் அடியில் இருந்தது அவள் அம்மாவின் மார்புக் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கு. தமயந்தி குழாயை மூடிவிட்டு, துடைத்த தகட்டையே மறுபடி துடைத்துக்கொண்டு நின்றாள். கூப்பிடக் கூடாது, கூப்பிடவே கூடாது என்று மனம் அடித்துக்கொண்டது. குனிந்த டாக்டர் நிமிரவில்லை. நுண்ணோக்கியின் திருகை உருட்டிய விரல் ஓரிடத்தில் நின்றது. வழக்கம்போல் கூப்பிட அவர் உதடு பிரிந்தது. "டாக்டரம்மா..." என்றாள் தமயந்தி. டாக்டர் தகட்டை உருவி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு வெளியே போனார்.