நாலாம் கவுண்டர் முஷ்டி

“என்ன சார், இந்த வாரமும் முஷ்டியா?”

போனில் பத்திரிகை ஆசிரியர் கேட்டதும் நாலாம் கவுண்டர்காரருக்குச் சுருக்கென்றது.

மனுஷனுக்குப் பகலெல்லாம் பார்சல் ஆபீஸில் கவுண்டர் வேலை. வீட்டுக்குப் போனால் எழுத்து. வாராவாரம் ஒரு பத்திரிகையில் தொடர்கதை. அதில் கதாநாயகன் அநியாயத்தைக் கண்டால் கண் சிவப்பான், பல்லைக் கடிப்பான், முஷ்டியை மடக்குவான். அத்தோடு அந்த வாரம் தீர்ந்தது. ஆபீஸில் அவர் முதுகுக்குப் பின்னால் எல்லாரும் வைத்திருந்த பெயர், முஷ்டி சார்.

“அது சும்மா கோபம் இல்லைங்க, உறுதி! படிக்கிறவனுக்கு ரத்தம் கொதிக்கணும்.”

“கொதிச்சுக்கிட்டே இருந்தா சுண்டிப் போயிடும் சார். சரி சரி, உடனே கொண்டுவந்து குடுங்க. அச்சுக்குப் போகணும்.”

ரசனை கெட்ட ஜென்மம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே முஷ்டி சார் போனை வைத்தார். எதிரே வரிசை வாசல் வரைக்கும் நின்றது. பக்கத்து மூணாம் கவுண்டர் மேடத்திடம் குனிந்தார்.

“மேடம், கொஞ்ச நேரம் என் கவுண்டர்ல உட்கார்ந்து பார்த்துக்குங்களேன். மேனேஜர் காதுக்கு மட்டும் போக வேண்டாம்.”

“அடுத்த அத்தியாயமா சார்? ஓடுங்க, ஓடுங்க! போன வாரம் அந்த முதலாளி முன்னால முஷ்டியை மடக்கி நிறுத்திட்டீங்க. எனக்குத் தூக்கமே வரல. அடுத்து என்ன பண்ணப் போறான்?”

“படிங்க, தெரியும்” என்று சிரித்தார் முஷ்டி சார். ஆபீஸில் அவருக்கு இருந்த ஒரே ரசிகை மேடம்தான்.

கிளம்புகிற அவசரத்தில், பார்சலுக்கு வந்து கையில் இருந்த மருந்துப் பெட்டியைக் கண்ணில் பட்ட தள்ளுவண்டியில் வைத்துவிட்டுப் பறந்தார். ஐஸ் வைத்துக் கட்டிய பெட்டி. போகவேண்டியது தெற்கே. அவர் வைத்ததோ வடக்கே போகிற லாரிக்கான தள்ளுவண்டியில்.

மறுநாள் விஷயம் வெடித்தது. ஐஸ் கரைந்து மருந்து மொத்தமும் பாழ்.

மேனேஜர் எல்லாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் யாரையும் நிற்க வைத்துத் திட்டமாட்டார். நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் திட்டுவார். மரியாதை தெரிந்தவர்.

“லாரி கிளம்பும்போது நாலாம் கவுண்டர்ல நீங்கதான் உட்கார்ந்திருந்தீங்கன்னு மூட்டை ஏத்துறவர் சொல்றார். உண்மையா மேடம்?”

“ஆமா சார்.”

“அப்ப பெட்டியும் உங்க பொறுப்புதான். வர்ற திங்கட்கிழமையிலேர்ந்து எல்லையோரக் கிளைக்குப் போயிடுங்க.”

மேடத்துக்கு முகம் வெளுத்துப்போச்சு. எல்லையோரக் கிளைக்கு ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் போகவேண்டும். வீட்டில் அப்பா படுத்த படுக்கை. இரண்டு தெரு தள்ளி வீடு இருப்பதால்தான் மத்தியானம் ஓடிப்போய் அவருக்கு நாலு வாய் ஊட்டிவிட்டு வர முடிகிறது. இனி யார் ஊட்டுவார்கள்?

“சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?” என்றார் மேனேஜர்.

மேடம் வாயைத் திறந்தார். திறந்தவர் முஷ்டி சாரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

முஷ்டி சாருக்கு உள்ளே கொதித்தது. நிஜமாகவே கொதித்தது, பொய் சொல்லக்கூடாது. அடப்பாவிங்களா, ஒண்ணும் தெரியாத பொம்பளையைப் போட்டு இப்படியா? கண் சிவந்தது. பல் நறநறத்தது. எல்லாரும் பார்க்க, மேசை மேலேயே அவர் வலது கை முஷ்டியாக மடங்கியது. நரம்புகூடப் புடைத்தது!

மேடம் அந்த முஷ்டியைப் பார்த்தார். போன உயிர் திரும்பி வந்தது. அவரே சொல்லட்டும், அதுதான் அவருக்கும் மரியாதை என்று திறந்த வாயை மூடிக்கொண்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

மேனேஜர் காத்திருந்தார். முஷ்டி இன்னும் கொஞ்சம் இறுகியது.

“யாருக்கும் ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா? அப்ப சரி, எழுந்து போய் வேலையைப் பாருங்க.”

சாயந்திரம் மேடம் தன் இடத்தைக் காலி பண்ணிக்கொண்டிருந்தார். குடை, சாப்பாட்டு டப்பா, இழுப்பறையில் சேர்த்து வைத்திருந்த பழைய வாரப் பத்திரிகைகள்.

முஷ்டி சார் மெல்ல வந்து நின்றார்.

“மனசே ஆறல மேடம். என்னமா கொதிச்சுது தெரியுமா? இங்க பாருங்க, நகம் பதிஞ்ச தடம் இன்னும் போகல.” உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

“இப்பத்தான் மேனேஜர்கிட்ட நடந்ததைச் சொன்னேன் சார். ‘அத்தனை பேர் முன்னால வாயை மூடிக்கிட்டு இருந்துட்டு இப்ப வந்து கதை விடுறீங்களா’ன்னு கேக்கிறார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவார். இன்னும் ரூம்லதான் இருக்கார். வர்றீங்களா?”

முஷ்டி சார் மேனேஜர் அறைக் கதவைப் பார்த்தார். உள்ளே விளக்கு எரிந்தது. பல்லைக் கடித்தார். விரித்த கை மெல்ல, விரல் விரலாக, மறுபடியும் மடங்கத் தொடங்கியது.

மேடம் இந்தத் தடவை ஏமாறவில்லை. பத்திரிகைக் கட்டைத் தூக்கி அவர் மேசையிலேயே வைத்தார்.

“உங்களைச் சொல்லிக் குத்தம் இல்ல சார். முஷ்டியை மடக்கினவன் அதுக்கப்புறம் என்ன பண்ணினான்னு இத்தனை வருஷத்துல நீங்க ஒரு தடவைகூட எழுதினதில்ல. படிச்ச எனக்குத்தான் உறைக்கல.”