பேரம் பேசாதவர்கள்

எண்பது லட்சம் என்று வேதமூர்த்தி சொல்லி வாயை மூடுவதற்குள், வீடு பார்க்க வந்தவர் வெற்றிலைத் தட்டில் அட்வான்ஸை வைத்துவிட்டார். பேரமே பேசவில்லை. வேதமூர்த்திக்கு அதுவே உறுத்தியது. கேட்டதைக் கொடுக்கிறான் என்றால் குறைத்துக் கேட்டுவிட்டோம் என்றுதானே அர்த்தம்? தட்டைத் திருப்பித் தள்ளி, "தொண்ணூறு" என்றார். அடுத்து வந்தவர் தொண்ணூறுக்கும் தலையாட்டித் தொலைத்தார். விலை ஒரு கோடியைத் தாண்டியது. அதன்பிறகு மொட்டைமாடிக் காக்கைகூட விலையைக் கேட்டு எதிர்வீட்டுக்குக் குடிபோயிற்று.

மாடியில் படுக்கை, கீழே சமையல். அவர் மனைவி குமுதவல்லி படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்குவாள். "லிஃப்ட் இருக்கிற ஃபிளாட்டுக்குப் போகத்தானே விக்கச் சொன்னேன். எனக்கு முட்டி போச்சுங்க."

"கொஞ்சம் பொறு குமுதா. நல்ல விலை வரும்."

ஒருநாள் காலை வாசல் மணி அடித்தது. வேதமூர்த்தி கதவைத் திறந்தார். வெளியே குமுதவல்லி பட்டுப்புடவையில் நின்றிருந்தாள். கையில் அதே வெற்றிலைத் தட்டு. அதில் அவள் வளையல்கள், சங்கிலி, தோடு, எல்லாவற்றுக்கும் மேலே தாலி.

"வீடு விலைக்குன்னு சொன்னாங்க. நீங்க சொல்ற விலைக்கே எடுத்துக்கறேன்."

"என்ன குமுதா, காலங்காத்தால விளையாட்டு?"

"பேரம் பேசமாட்டேன். வாங்கிக்குங்க."

அவர் அவளைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தார். பேரமே பேசவில்லை என்றால் குறைத்துக் கேட்டுவிட்டோமோ?

"இன்னும் ஒரு பத்து சேர்த்து..." என்று ஆரம்பித்தார்.